கூட இருக்கிற தங்கச்சி

மின்சாரக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் எட்டுப் பேர் உட்கார வேண்டிய அறையில் மூன்று பேர்தான் உட்கார்ந்திருப்பார்கள். அந்த மூன்று பேரில் அவள் ஒருத்தி. கரண்ட் போய்விட்டால் ஊரே அவளைக் கூப்பிட்டுத்தான் திட்டும். திட்டி அலுத்த பிறகு, "உன்கிட்ட பேசிப் பிரயோஜனம் இல்ல, உன் மேலதிகாரியக் கூப்பிடு" என்பார்கள். மேலதிகாரி என்று ஒருவர் இருந்து, ஓய்வு பெற்று, அவருடைய நாற்காலியையும் யாரோ தூக்கிக்கொண்டு போய் வெகுகாலம் ஆகிவிட்டது. புதிதாக யாரையும் போடவில்லை. அதனால் அவள், "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்று பாட்டைப் போட்டுவிட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கனமான வேறொரு குரலில் திரும்பி வருவாள். "வணக்கம், மேலதிகாரி பேசறேன். என்ன பிரச்சினை?" அதுவரை குதித்தவர் அப்படியே அடங்கிவிடுவார். சொல்லப்போகும் பதில் என்னவோ ஒன்றுதான்.

சும்மா சொல்லக் கூடாது, அதில் அவள் கெட்டிக்காரி. மேலதிகாரிக்கு ஒரு குரல், வயதானவர்களுக்கு ஒரு குரல், குடித்துவிட்டுப் பேசுகிறவர்களுக்கு ஒரு குரல். உடன் வேலை செய்கிறவர்கள் அவளைப் 'பலகுரல் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். இத்தனை குரல் வைத்திருந்தவளுக்குச் சொந்தக் குரலில் பேச ஆள் இல்லை. மூன்றாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. வேறு நாட்டில் ஓர் அண்ணன். தினமும் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்புவான், அத்தோடு அவன் கடமை முடிந்தது. பக்கத்து வீட்டில் பஸ் ஓட்டுகிற ஒரு டிரைவரம்மா. அந்த அம்மாளோடும் பேச்சு இல்லை. பொது நடையில் அவர் கழற்றிப் போடும் கனத்த பூட்ஸ் தன் மிதியடி வரை வருகிறது என்று, குடியிருப்புச் செயலாளரிடம் இவள் மேலதிகாரிக் குரலில் போனில் புகார் செய்திருந்தாள். யார் செய்தது என்று டிரைவரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து பூட்ஸும் வெளியில் இல்லை, பேச்சும் இல்லை.

உடம்பு மாறத் தொடங்கியபோது அதை வியாதி என்று யாரும் நினைக்கவில்லை, அவளும்தான். முகம் உருண்டது. பிடரியில் சதை திரண்டது. வயிறு முன்னால் தள்ள, கையும் காலும் மட்டும் குச்சியாக இளைத்தன. மேஜை முனையில் லேசாக இடித்தால் போதும், தோல் கன்றி நீலமாகிவிடும். தூக்கம் போயிற்று. "நல்லா சாப்பிடறீங்க போல" என்று சிரித்தவர்கள் உண்டு. வாயைக் கட்டச் சொல்லி அறிவுரை சொன்னவர்கள் அதைவிட அதிகம். அவளும் வாயைக் கட்டினாள், நடந்தாள், அழுதாள், ஒன்றும் குறையவில்லை. ஒருநாள் அலுவலக வாசலில் முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கும் மெஷின், 'ஆள் தெரியவில்லை' என்று சிவப்பு விளக்கைக் காட்டியது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். உள்ளே போய்க் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அதன் பிறகு தினமும் காவலாளிதான் கதவைத் திறந்துவிட்டார்.

கடைசியில் கண்டுபிடித்தது ஹார்மோன் டாக்டர். தலைக்குள்ளே இருக்கும் சின்னச் சுரப்பியில் ஒரு கட்டி, அதனால் உடம்பில் கார்டிசால் என்கிற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றார். ஆபரேஷன் நடந்தது. ஆனாலும் முழுசாக அடங்கவில்லை. இனி மாத்திரைதான்.

"இந்த மாத்திரை கார்டிசாலைக் குறைக்கும். ஆனா அது தேவைக்குக் கீழ இறங்கிடக் கூடாது. ஒரேயடியா இறங்கினா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர். அவர் பொறுமைசாலி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொன்னார். "வாந்தி, தலைசுத்தல், மூட்டுவலி, எழுந்திருக்க முடியாத அசதி, இதுல எது வந்தாலும் அடுத்த மாத்திரை போடாம உடனே எங்களைக் கூப்பிடணும். நாங்க சொல்ற தேதியில ரத்தம் குடுக்கணும். எங்களைக் கேக்காம வேற எந்த மாத்திரையும் சேர்க்கக் கூடாது, வயித்தெரிச்சலுக்குக்கூட. விட்டுப்போச்சேன்னு ரெண்டா சேர்த்துப் போடறதும் கூடாது. வீட்டுல யாரு இருக்காங்க?"

"ஏன் டாக்டர்?"

"மயங்கி விழுந்துட்டா நீங்களே போன் பண்ண முடியாதில்ல? தனியா இருக்கறவங்கன்னா வீட்டுக்குக் குடுத்தனுப்ப நான் யோசிப்பேன்."

யோசிப்பேன் என்றுதான் சொன்னார், தரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் அவள் காதில் தரமாட்டேன் என்றே விழுந்தது. சிவப்பு விளக்கு ஞாபகத்துக்கு வந்தது. வாய் முந்திக்கொண்டது.

"தங்கச்சி இருக்கா டாக்டர். என்கூடத்தான் இருக்கா."

பக்கத்தில் நின்ற நர்ஸ் தங்கச்சியின் நம்பரைக் கேட்டாள். வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்ன காலத்தில் ஆபீஸ் கொடுத்த பழைய போன் ஒன்று சும்மா கிடந்தது. அந்த நம்பரைச் சொன்னாள்.

"புதன்கிழமை கூப்பிடுவேன்னு சொல்லிடுங்க" என்றாள் நர்ஸ். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. பேஷன்ட் எல்லாரும் 'நல்லா இருக்கேன்'னுதான் சொல்வாங்க. கூட இருக்கறவங்கதான் உண்மையச் சொல்வாங்க."

புதன்கிழமைகளில் அவளுக்குச் சாயங்கால டியூட்டி, மத்தியானம் வீட்டில்தான் இருப்பாள். புதன்கிழமை வந்தது, பழைய போன் அடித்தது. அவள் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

"ஹலோ, அக்காவோட தங்கச்சிதான் பேசறேன் சிஸ்டர்."

சின்னப் பெண் குரல், கொஞ்சம் அவசரம், வாக்கியத்துக்கு வாக்கியம் ஓர் 'அக்கா'. முதல் வாரம் பதற்றத்தில் ஏதோ சமாளித்தாள். போகப் போகத் தங்கச்சிக்குக் கைகால் முளைத்துவிட்டது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்பாள் தங்கச்சி. அக்கா நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று கோள் சொல்வாள். மாத்திரை நேரத்துக்கு நான்தான் அலாரம் வைக்கிறேன் என்று பெருமை அடிப்பாள். அதையும் சொல்லத்தான் வேண்டும், அவள் புதன்கிழமைகளுக்குக் காத்திருக்க ஆரம்பித்தாள். நாள் முழுக்க ஊராரின் கரண்ட்டை விசாரிக்கிறவளை, வாரத்தில் ஒருநாள் யாரோ ஒருத்தி விசாரித்தாள். அவளைப் பற்றிக் கவலைப்பட வீட்டில் ஒரு குரலாவது இருந்தது, அது அவளுடைய குரலே ஆனாலும்.

"உங்கக்கா குடுத்து வெச்சவங்க" என்றாள் நர்ஸ் ஒருமுறை. "தனியா இருந்து இந்த மாத்திரை சாப்பிடறவங்களைப் பார்த்தாத்தான் எனக்குப் பயமா இருக்கும்."

"நான் இருக்கேன்ல சிஸ்டர்" என்றாள் தங்கச்சி.

போனை வைத்தாள். குளிர்பதனப் பெட்டி உறுமுவது மட்டும் கேட்டது. அழக் கூடாது என்று நினைத்தாள், முடியவில்லை.

மாத்திரை வேலை செய்தது. முதலில் தூக்கம் வந்தது. பிறகு மோதிரம் கழன்றது. கன்னம் வடிந்து, காணாமல் போயிருந்த தாடை எலும்பு மெதுவாக வெளியே வந்தது. பல் தேய்க்கும்போது கண்ணாடியில் பழைய ஆள் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, ஆளே மாறிட்டீங்க, எங்களுக்கும் அந்த ரகசியத்தைச் சொல்லுங்க" என்றார்கள் ஆபீஸில். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் குமட்டல் ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் வயிற்றைப் புரட்டும். மூட்டுகள் வலிக்கும். நாற்காலியிலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். டாக்டர் இரண்டிரண்டு முறை சொன்னதெல்லாம் அவளுக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை, நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டே தன்னை ஏமாற்றிக்கொண்டாள். 'இளைக்கிறேன், அதான் அசதி. மருந்து பிடிக்கிறது, அதான் குமட்டல்.' சொன்னால் நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தினால் முகம் மறுபடி உருளும். ரத்தம் கொடுக்க வரச் சொன்ன தேதியை, டியூட்டி மாறிவிட்டது என்று தள்ளிப்போட்டாள். அந்தப் புதன்கிழமை நர்ஸ் கேட்டபோது தங்கச்சி தெளிவாகவே சொன்னாள்: "ஒண்ணும் இல்ல சிஸ்டர். அக்கா ஜம்முனு இருக்காங்க."

அடுத்த வாரம் ஒரு காலை, அலுவலக வாசலில் பழக்கதோஷத்தில் மெஷின் முன்னால் நின்றாள். பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது. மெஷினுக்கு அவளைத் தெரிந்துவிட்டது! காவலாளி எழுந்து நின்று கை தட்டினார். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய், நேராகக் கழிப்பறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அன்று முழுவதும் போன் எடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. லீவு சொல்லிவிட்டாள். வழக்கம்போல் மாத்திரையைப் போட்டாள், அது வாந்தியில் வெளியே வந்தது. தண்ணீர் குடித்தாள், அதுவும் வந்தது. குளியலறையிலிருந்து திரும்பும் வழியில் கால் மடிந்து, கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தரை குளிர்ச்சியாக இருந்தது. படுத்தால் சுகமாக இருக்கும் என்று தோன்றியது. படுத்தால் எழுந்திருக்கப் போவதில்லை என்றும் தோன்றியது. இரண்டாவது நினைப்பு அவளை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. பயமில்லை என்பதுதான் பயமாக இருந்தது.

அப்போது பழைய போன் அடித்தது. அன்று புதன்கிழமை.

கைக்கு எட்டும் தூரத்தில், நாற்காலி மேல்தான் இருந்தது. தண்ணீர் குடிக்காமலே எடுத்தாள். குரல் தானாக வந்தது.

"சொல்லுங்க சிஸ்டர்."

"அக்கா எப்படி இருக்காங்க?"

நல்லா இருக்காங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். சுவரோரம் கால் நீட்டிக் கிடக்கும் அந்த அக்காவைப் பார்க்கத் தங்கச்சிக்குப் பாவமாக இருந்தது. என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவள் இல்லையா.

"அக்காவுக்கு முடியல சிஸ்டர்" என்றாள் தங்கச்சி. "காலைலேர்ந்து வாந்தி. எழுந்து நிக்க முடியல, கண்ணு இருட்டுது. இன்னைக்கு நேத்து இல்ல, ரொம்ப நாளாவே இப்படித்தான் இருக்காங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறாங்க. மாத்திரைய நிறுத்திடுவீங்கன்னு பயம். மறுபடி யாருக்கும் அடையாளம் தெரியாமப் போயிடுவோம்னு பயம். போன வாரம் நான் பொய் சொல்லிட்டேன் சிஸ்டர்."

தன் சொந்தக் குரலில் இதில் ஒரு வார்த்தையைக்கூட அவளால் சொல்லியிருக்க முடியாது.

நர்ஸின் குரல் மாறியது. "இனிமே அந்த மாத்திரை ஒண்ணுகூடக் குடுக்காதீங்க. கார்டிசால் ரொம்ப இறங்கிட்டா போடறதுக்குன்னு தனியா ஒரு மாத்திரை குடுத்தோமே, அது இருக்கா?"

"அதைப் போட்டாலும் வயித்துல நிக்காது சிஸ்டர். தண்ணியே நிக்கல."

"அப்போ ஊசிதான் போடணும். ஆம்புலன்ஸ் அனுப்பறேன். வாசக்கதவைத் திறந்து வெச்சுட்டு அக்கா பக்கத்துலயே உட்காருங்க. பேச்சுக் குடுத்துட்டே இருங்க. ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க, என்ன?"

"விடமாட்டேன்."

தரையில் நகர்ந்து போய்க் கதவைத் திறந்து வைத்தாள். பிறகு, சொன்னபடியே, அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வேறு எங்கே போவாள்? பேச்சுக் கொடுத்துக்கொண்டும் இருந்தாள். "இதோ வந்துடுவாங்கக்கா. கண்ணை மூடாதக்கா." ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து, கூட யார் வருகிறார்கள் என்று கேட்டபோது, "பின்னாடி வர்றா" என்றாள். டிரைவரம்மா டியூட்டியிலிருந்து இன்னும் திரும்பாமல் பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டுக் கதவைக் கடந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், கையில் டிரிப் ஏற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அறை நிலைக்கு வந்தது. சாயங்காலம் வார்டு முழுக்கப் பார்வையாளர்கள். ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் ஆட்கள், பை, பழம், சளசளப்பு. அவள் கட்டிலருகே ஒரு ஸ்டூல், அதன் மேல் அவளுடைய கைப்பை.

நர்ஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு, கட்டில் கட்டிலாகத் தேடியபடி வந்தாள். தங்கச்சியைத்தான் கூப்பிடுகிறாள். ஸ்டூல் மேலிருந்த கைப்பை அடித்தது.

நர்ஸ் நின்றாள். பையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பை அடித்துக்கொண்டே இருந்தது. அவள் டிரிப் ஏறாத கையால் துழாவிப் போனை எடுத்தாள். தங்கச்சியின் குரல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பழகிய குரல், எதையும் சமாளித்துவிடும். ஆனால் நர்ஸின் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைப் பேச முடியவில்லை.

"தங்கச்சி யாரும் இல்லைங்க" என்றாள். கரகரப்பான, ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு குரல். அவளுக்கே அது புதுசாக இருந்தது. "யாருமே இல்ல. நான் மட்டும்தான்."

நர்ஸ் போனை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று அவள் காத்திருந்தாள். திட்டத்தான் செய்தாள், ஆனால் மெதுவாக.

"போன வாரம் தங்கச்சி சொன்னாளேன்னு நம்பி, எல்லாம் சரியா இருக்குன்னு நான் டாக்டர்கிட்ட சொன்னேன். இன்னைக்கும் அப்படியே சொல்லியிருந்தா என்னக்கா ஆகியிருக்கும்?"

அவள் பழைய போனைப் பைக்குள் திருப்பி வைத்தாள்.

"எனக்கு அந்தப் பொண்ணை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு" என்றாள் நர்ஸ், எழுந்து போகும்போது.

டாக்டர் அடுத்த நாள் வந்தார். "மாத்திரையை நாங்க மொத்தமா நிறுத்திடுவோம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? அளவு உங்களுக்கு அதிகமாப் போச்சு, அவ்வளவுதான். கொஞ்ச நாள் நிறுத்திட்டு, ரத்தம் பார்த்துட்டு, குறைஞ்ச அளவுல மறுபடி ஆரம்பிக்கலாம். முகம் எங்கயும் போயிடாது. ஆனா இந்தத் தடவை நிஜமா ஓர் ஆள் வேணும்மா. சாவி வெச்சிருக்கற ஆளா இருக்கணும். அந்த நம்பரைக் குடுத்துட்டு மருந்தை வாங்கிக்கங்க."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நிஜமான ஆளை எங்கே போய்த் தேடுவது? வீட்டுக்கு வந்த பிறகு போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழ் வரை தள்ளிப் பார்த்தாள். தண்ணீர் கேன், பிளம்பர், ஆபீஸ், அண்ணன், மறுபடி ஆபீஸ். தன் வீட்டுச் சாவியைக் கொடுக்கும்படி ஒருத்தர் இல்லாமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள். பூட்டுக்காரன் கொடுத்த இன்னொரு சாவி, கொடுத்த கவரிலேயே, நூல்கூடப் பிரிக்காமல் மேஜைக்குள் கிடந்தது.

மத்தியானம் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. டிரைவரம்மா டியூட்டி முடித்து வந்திருந்தார். அவள் சாவியை எடுத்துக்கொண்டு நடையில் நின்றாள். எந்தக் குரலில் பேசுவது? மேலதிகாரி, தங்கச்சி, குடிகாரர்களுக்கான குரல் என்று எல்லாவற்றையும் மனசுக்குள் போட்டுப் பார்த்தாள், எதுவும் இதற்கு ஒத்துவரவில்லை. கதவைத் தட்டிவிட்டாள்.

டிரைவரம்மா சாக்ஸோடு வந்து நின்றார். "என்ன, பூட்ஸா? உள்ளதான் கழட்டிப் போட்டிருக்கேன். வேணும்னா வந்து பாருங்க."

"பூட்ஸ் இல்லைங்க. சாவி." கையை நீட்டினாள். "என் வீட்டுச் சாவி. நான் விழுந்துட்டா திறக்கறதுக்கு."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். வியாதி, மாத்திரை, தங்கச்சி, கைப்பை. நின்றுகொண்டே சொன்னாள், நடுவில் தலை சுற்றியதால் வாசற்படியில் உட்கார்ந்து சொன்னாள். டிரைவரம்மா கதவில் சாய்ந்தபடி கேட்டார்.

"சுவரு காகிதம் மாதிரி இருக்கு" என்றார் கடைசியில். "புதன்கிழமையானா அந்தப் பொண்ணு பேசறது எனக்குக் கேக்கும். இவ்வளவு பாசமா ஒரு தங்கச்சி, ஒருநாள்கூட மூஞ்சியக் காட்ட மாட்டேங்குதேன்னு நினைச்சுக்குவேன்."

"மன்னிச்சுக்கங்க."

"எதுக்கு? பூட்ஸுக்கா, இதுக்கா?" டிரைவரம்மா சாவியை வாங்கித் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார். "நான் விடியறதுக்கு முன்னாடியே வண்டி எடுக்கப் போயிடுவேன். போகும்போதும் வரும்போதும் கதவைத் தட்டுவேன். பதில் வரலைன்னா திறந்துட்டு வந்துடுவேன், வீடு குப்பையா இருக்குன்னு வெக்கப்படக் கூடாது."

சில வாரம் கழித்து ஒரு புதன்கிழமை நர்ஸ் முதலில் அவளையே கூப்பிட்டாள். குறைந்த அளவில் மாத்திரை ஆரம்பித்த வாரம் அது.

"எப்படி இருக்கீங்கக்கா?"

"நல்லா இருக்கேன்" என்றாள். பழகின நாக்கு, வேறென்ன சொல்லும்.

வைத்த சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது. பஸ் இரைச்சலோடு மல்லுக்கட்டிப் பழகிய டிரைவரம்மாவின் குரலுக்குக் காகிதச் சுவர் எம்மாத்திரம்.

"ஆமா, பக்கத்து வீடுதான் பேசறேன். அந்தம்மாவா? நல்லா இருக்கேன்னுதான் சொல்லும், நம்பாதீங்க. வாந்தி இல்ல. ரெண்டு வேளையும் சாப்பிட்டுது, நான் பார்த்தேன். ஆனா நேத்து மாடி ஏறி வரும்போது ரெண்டு தடவ நின்னு மூச்சு வாங்குச்சு. ஆமா, ரெண்டு தடவ."

அவள் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றி, தன்னுடையது அல்லாத ஒரு குரல் பேசுவதை முதல்முதலாகக் கேட்டாள். கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உள்ளங்கையால் சுவரைத் தட்டினாள்.

"ரெண்டு இல்லைங்க" என்று கத்தினாள், தன் சொந்தக் குரலில். "மூணு தடவை!"